வள்ளல் பச்சையப்பர்

பொருள் படைத்தார் பலரை உலகம் அவர் மறைந்த மறுதலைமுறையிலேயே மறந்துவிடுகின்றது. மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கல்வியுலகம் நாள்தோறும் சொல்லும் பெயருடையார் சிலரே. அச்சிலருள் ஒருவர் காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார். இந்து மக்களின் அறப்பொருளால் எழுந்த கல்லூரியொன்றிற் கற்ற நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் தகும்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் கருவிலிருக்கும்போதே தந்தையார் விசுவநாத முதலியார் காலமாயினார். ஆதரவற்ற அன்னையார் பெரியபாளையஞ் சென்று, நாராயண பிள்ளை என்னும் செல்வாக்குடைய துபாஷியின் நிழலில் வாழ்ந்தார். அப்பெருந்தகையே சிறுவனைப் பயிற்றி வணிகத்திற் புகுத்தினார். இளமையிலேயே பச்சையப்பர் ஆங்கிலேயருக்கும் நாட்டவருக்கும் இடைநின்று கருமம் முடிக்கும் துபாஷியாய்ப் பெயர் பெற்றார். பின்னர்த் தஞ்சை நாட்டில் வரிக் குத்தகையிலும், அரசருக்குக் கடன் கொடுத்தலிலும் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார்.

பொருள் பெருகியபோதும் அவர் சிவபத்தி குன்றவில்லை. சென்னையில் வாழ்ந்த காலத்திற் கூவம் ஆற்றில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டு வந்தார் என்பர். காஞ்சியிலும் சிதம்பரத்திலும் அவர் திருப்பணிகள் நடந்தன. புதல்வர்ப் பேறில்லாத அவர் நோயுற்று, 1794 மார்ச் 22இல் மரணசாசனம் எழுதினார். கோயில் வழிபாடு, ஏழைகளுக்கு உதவி, வடமொழிக் கல்வி முதலிய அறங்களுக்குப் பொருளை ஒதுக்கினார். ஒன்பது நாட்களின் பின், மார்ச் 31இல், திருவையாற்றிற் சிவபதமடைந்தார். அப்போது வயது நாற்பது.

வள்ளலின் வாழ்வு முடிந்தது. அறத்தின் சோதனை தொடங்கிற்று. உரிமை கோரிய உறவினருக்குள் வழக்குகள் எழுந்தன. பொறுப்பேற்றோர் சாசனத்தை நிறைவேற்றத் தவறினர். ஒரு தலைமுறைக் காலம் விளக்கேற்றவும் சோறிடவும் வைத்த பொருள் வழக்காடுவோர் கைகளிற் கிடந்தது. ஈகைக்கு மனம் ஒன்றே போதாது. ஈந்ததைக் காக்கும் நேர்மையுடையோரும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈற்றில் அந்நாளைச் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் ஜோர்ஜ் நோட்டன் இதில் உறுதியாய் உழைத்தார். 1832ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியே கோயில் அறங்களுக்குரிய நிதி வரையறுக்கப்பட்டது. தடைப்பட்ட ஆண்டுகளில் வட்டி பெருகி எஞ்சிய பல இலட்சம் ரூபாவைக் கல்விக்குப் பயன்படுத்தத் தீர்மானித்தனர். வஞ்சனையாலும் தாமதத்தாலும் முடங்கிய பணமே கல்வி நிதியாயிற்று என்பது வியப்பிற்குரியது.

1842 சனவரி முதலாந் திகதி, இந்துக்களான அறங்காவலரின் மேற்பார்வையிற் சென்னைப் பிராட்வேயிற் பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. அரசாங்கமோ பாதிரிமாரோ நடத்தாது, நாட்டவர் பொருளால் நடந்த ஆங்கிலப் பாடசாலைகளுள் அது முன்னோடி. அதென்ஸ் நகரத்துப் பழங்கோயிலொன்றின் சாயலில் எழுந்த அதன் மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. காஞ்சியிலும் சிதம்பரத்திலும் கிளைகள் தோன்றின. 1889இல் முதற்றரக் கல்லூரியாய் உயர்ந்து, 1940இற் சேத்துப்பட்டிற் புது இடம் புகுந்தது. 1947 வரை இந்து மாணவரே சேர்க்கப்பட்டனர். அதன்பின் யாவருக்குங் கதவு திறந்தது. கணிதமேதை இராமானுசனும் அறிஞர் அண்ணாதுரையும் அங்கே கற்றவர்களே. கோவிந்தப்ப நாயக்கர் போன்ற வேறு செல்வர்தம் அறக்கொடைகளும் இவ்வறக்குழுவின் பொறுப்பில் வந்தன.

எனினும் காவற்பொறுப்பு ஒருநாளில் முடிவதன்று. அண்மைக் காலத்திலும் நிர்வாகச் சச்சரவுகளால், ஓய்வுபெற்ற நீதிபதிகளை இவ்வறத்தின் நிர்வாகிகளாக உயர்நீதிமன்றம் அமர்த்த நேர்ந்தது. ஓர் அறம் எத்தனை பழையதாயினும், ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாய்க் காத்தல் வேண்டும்.

பச்சையப்பர் தாம் கண்டறியாத மாணவர்க்குக் கல்வி அளித்தார். நம் கல்லூரிக்கும் பெயர் பொறித்தும் பொறியாதும் நிலமும் பொருளும் தந்தோர் பலர். அவரைப் புகழ்தல் எளிது. அவர் வைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பதும், கணக்குக் கொடுப்பதும், நம்மாலியன்றதை அதனோடு சேர்ப்பதுமே பழைய மாணவராகிய நாம் இறுக்க வேண்டிய கடன். இந்த விழாவாண்டில் அக்கடனை நினைவிற் கொள்வோமாக.