இரு களம் கண்ட கோட்டா ராமசுவாமி

பெங்களூரில் வாழும் நமக்குக் கப்பன் பூங்காவின் டென்னிஸ் களங்களும், அப்பூங்காவை அடுத்த சின்னசாமி கிரிக்கெட் அரங்கமும் நன்கு பழக்கமானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் ஒரே மனிதர் இவ்விரு ஆட்டங்களிலும் நம் நாட்டின் சார்பில் களம் இறங்குவதென்பது எத்துணை அரிது! டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமை சென்னையைச் சேர்ந்த கோட்டா ராமசுவாமி ஒருவருக்கே உரியது.

அன்னார் 1896 ஜூன் திங்களில் சென்னையில் தோன்றினார். தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்பெறும் புச்சிபாபு நாயுடுவின் இளைய புதல்வர் அவர். தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குச் சுவீகாரம் சென்றமையால், தமையன்மாரின் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து இவர் பெயருக்கு முன் இல்லை. புச்சிபாபுவின் காலத்தில் சேப்பாக்கம் மைதானம் வெள்ளையர் சங்கத்தின் ஆளுகையில் இருந்தது. அங்கு ஆட வந்த இந்தியர், துரைமார் மாளிகைக்குள் அமர்ந்து உண்ண, தாம் மரநிழலில் உண்ண வேண்டியிருந்தது. இந்த இழிவைப் பொறாத புச்சிபாபு, இந்தியருக்கெனத் தனிச் சங்கம் கண்டார். வெள்ளையரை ஆட்டத்துக்கு அழைக்கவும் முயன்றார். 1908இல் அவர் மறைந்தபொழுது ராமசுவாமிக்கு வயது 12. தந்தை மூட்டிய அந்த வேகம் மைந்தரிடம் கடைசிவரை தணியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

வெஸ்லி பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றபின் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவருக்குப் புகழ் தேடித் தந்தது தந்தையின் ஆட்டமன்று, டென்னிஸே. கல்லூரி மாணவராக ராக்கெட் பிடித்த கை, 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காகப் பிடித்தது. டாக்டர் ஃபைஸியுடன் இணைந்து இரட்டையர் ஆட்டம் ஆடினார். ருமேனியாவை வென்ற நம் அணி அடுத்து ஸ்பெயினிடம் தோற்றது. விம்பிள்டன் போட்டி இன்றுள்ள இடத்துக்குப் பெயர்ந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டு அங்கும் அவர் ஆடினார்.

அக்காலத்தில் டென்னிஸ் ஆடிப் பணம் பெற்றவருக்கு விம்பிள்டன் வாயில் அடைபட்டுவிடும். 1968இல்தான் அத்தடை நீங்கியது. எனவே நாடு திரும்பிய ராமசுவாமி ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை. சென்னை மாகாண விவசாய இலாகாவில் பணி ஏற்றார். அதே சென்னையில் ஏ. ஜி. ராம்சிங் கிரிக்கெட் பயிற்சியளிப்பதையே தொழிலாக ஏற்று, தம் மைந்தர் இருவர் டெஸ்ட் ஆடுமளவு உயரக் கண்டார். ராமசுவாமியின் வழி வேறு. அலுவல் போக எஞ்சிய பொழுதே ஆட்டத்துக்கு. இடக்கையால் பந்தை விளாசும் பருத்த மேனியராகிய அவர், இப்படியே சேப்பாக்கத்தில் பல ஆண்டுகள் ஆடினார்.

1936இல் விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பூசல் மலிந்த பயணம் அது; சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்டார். சென்னையின் எம். ஜே. கோபாலனோ, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விடுத்து இப்பயணத்தைத் தேர்ந்தவர். ஹாக்கி அணி தங்கம் வென்றது, இவருக்கு ஒரு டெஸ்டும் கிட்டவில்லை. ராமசுவாமிக்கு மட்டும் மான்செஸ்டரில் வாய்ப்புக் கிட்டியது. அப்பொழுது அவருக்கு 40 வயது நிறைந்து ஐந்து வாரங்களுக்குச் சற்றே கூடுதல்! பலர் மட்டையைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிடும் வயது. முதல் இன்னிங்ஸில் இந்தியா 203 ஓட்டங்களுக்குள் சுருண்டபோது அவர் 40 எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 சேர்த்த புகழ் யாவரும் அறிந்தது. அந்தப் பேரொளியில் ராமசுவாமியின் 60 மறைந்துபோயிற்று. ஆனால் அடுத்து ஓவல் மைதானத்தில் இந்தியா தோற்ற ஆட்டத்திலும் 29, ஆட்டமிழக்காமல் 41 என எடுத்தார். நான்கு இன்னிங்ஸில் 170, சராசரி 56.66. அதற்குப் பின் இந்தியா டெஸ்ட் ஆடியது 1946இல்தான். அவருக்கோ அப்பொழுது வயது 50.

பத்தாண்டு முன்னதாக அழைத்திருந்தால் என்று நாம் ஏங்கிப் பயனில்லை. இந்தியாவின் முதல் டெஸ்டே 1932இல்தான் நடந்தது.

1952–53இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அணிக்கு மேலாளராகவும், பின்னர் தேர்வுக்குழு உறுப்பினராகவும் பணியாற்றினார். 1966இல் தம் விளையாட்டு வாழ்வை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். தம்மை விளையாட்டுப் பித்தர் என்றே அந்நூலின் தலைப்பில் குறித்துக்கொண்டார்.

முதுமையும் நோயும் வருத்த, தொண்ணூறை ஒட்டிய வயதில் ஒரு நாள் அடையாற்று இல்லத்தை விட்டு வெளியேறினார். பின்பு அவரைக் கண்டவர் இல்லை. அவர் மறைந்தது 1990 ஜனவரி என்று கிரிக்கெட் பதிவேடுகள் ஊகமாகவே குறிக்கின்றன.