ருக்மிணி தேவி அம்மையார்

எழுத்தறியாதவர் காவியம் கற்றல் இயலாது. அடவு அறியாதவர் ஆடல் கற்றலும் அத்தகையதே. காலும் கையும் உடலும் தாளத்தோடு இணைந்து இயங்கும் அடிப்படை அசைவே அடவு ஆகும். 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் அடவுகளை வரிசைப்படுத்திப் பாடமாக அமைத்தனர். கோயிலில் ஆடிய மகளிரும், அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனாரும் அவற்றைத் தலைமுறைதோறும் காத்து வந்தனர். அம்மரபு தளர்ந்த காலத்தில் அதனைப் பலரும் கற்கும் கல்வியாக்கியவருள் ஒருவர் ருக்மிணி தேவி அம்மையார்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் அருகே குடியேறினார். 1920-ஆம் ஆண்டில் அம்மையார் ஜார்ஜ் அருண்டேல் என்பவரை மணந்தார். கணவருடன் அயல்நாடுகளுக்குச் சென்றபோது, பாவ்லோவா என்னும் ருஷிய நடனமணியின் நட்பைப் பெற்றார். தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா அவரைத் தூண்டினார்.

அந்நாளில் சதிர் என வழங்கிய நம் ஆடலையும், அதனை ஆடிய மகளிரையும் கற்றவர் பலர் இழிவாகக் கருதினர். அம்மையார் ஊரார் பழிக்கு அஞ்சவில்லை. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடற்பணி புரிந்த கௌரி அம்மாளிடம் முதலிற் பயின்றார். பின்னர், தஞ்சை நால்வர் மரபில் வந்த பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியானார். அப்போது அம்மையாருக்கு வயது ஏறத்தாழ 30.

முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் நின்று, தையா தை என்னும் சொற்கட்டுக்கு ஏற்பப் பாதத்தைத் தட்டுவது தட்டடவு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுவது நாட்டடவு. நட்டுவனார் தட்டுக்கழியால் தாளமிட, ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களில் ஆடுதல் வேண்டும். சிறுமியர் தொடங்கும் இப்பயிற்சியை, உலகம் சுற்றிவந்த அம்மையார் பணிவோடு மேற்கொண்டார். 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் அவையோர் முன் ஆடினார்.

மறு ஆண்டில் ஒரு மரத்தடியில், ஒரே மாணவியுடன் கலாக்ஷேத்திரம் தோன்றியது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் கௌரி அம்மாளும் அங்குக் கற்பித்தனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை விலக்கியது. கோயிலில் ஆடல் நின்றபின், அடவுகளுக்குக் கலைப்பள்ளிகளே உறைவிடமாயின. காதற்சுவைப் பாடல்கள் சிலவற்றை அம்மையார் விலக்கியதைப் பரம்பரைக் கலைஞரான பாலசரஸ்வதி ஏற்கவில்லை. ஆயினும், பிழையற்ற அடவுப் பயிற்சியால் கலாக்ஷேத்திரம் பெரும்புகழ் எய்தியது.

அம்மையார் 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் மறைந்தார். அவர் நிறுவிய கலாக்ஷேத்திரம் இன்று திருவான்மியூரில் விளங்குகிறது. அங்கு ஒலிக்கும் ஒவ்வோர் அடியிலும் அம்மையாரின் உழைப்பு உண்டு. பிறர் இகழ்ந்த காலத்திலும் அக்கலையைக் கைவிடாத கௌரி அம்மாள் போன்றோரின் உழைப்பும் உண்டு. கலையைப் போற்றுவோர் அதனைக் காத்துத் தந்தவரையும் போற்றுதல் கடன்.