கிளாடு பெர்னார்

பனி மூடிய நாட்டில் வாழ்பவன் ஒருவன். வெயில் கொளுத்தும் பாலையில் வாழ்பவன் மற்றொருவன். இருவர் நாவின்கீழும் வெப்பமானியை வைத்துப் பார்ப்பின், அஃது ஏறத்தாழ 37 பாகை செண்டிகிரேடையே காட்டும். கல்லும் நீரும் தம்மைச் சூழ்ந்த காற்றுக்கேற்பச் சுடுதலும் குளிர்தலும் உடையன. மக்கள் உடலோ அவ்வாறு மாறுவதில்லை. உடலுக்குள் அமர்ந்து இந்த வெப்பத்தைக் காத்து நிற்பது யாது? இவ்வினாவிற்கு விடை காண வழி திறந்தவர்களுள் தலையாயவர், பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் கிளாடு பெர்னார் ஆவார்.

அவர் 1813ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள சேன் ஜூலியன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கொடிமுந்திரி பயிரிடும் உழவர். செல்வம் மிக்க குடும்பம் அன்று. பெர்னார் இளமையில் ஊர்க் குருவினிடம் இலத்தீன் கற்றார். பின்னர் லியோன் நகரை அடுத்து மருந்துக் கடை ஒன்றில் பணியாளராய் அமர்ந்தார். அக்கடையில், கெட்டுப்போன மருந்துகளையெல்லாம் எறியாது சேர்த்துக் கலந்து, எல்லா நோய்க்கும் ஏற்ற அருமருந்து என விற்று வந்தனராம். அதனை உண்டோர் அதன் பெருமையைப் பேசிய விந்தையையும் அவர் கண்டார். எதனையும் ஆராயாது நம்பலாகாது என்னும் எண்ணம் அங்கேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது போலும்.

ஆயினும் அவர் அக்காலத்தில் விரும்பியது நாடகப் புலமையே. அவர் எழுதிய சிறு நாடகம் ஒன்று லியோன் நகரில் நடிக்கப்பெற்றது. அம்மகிழ்ச்சியில் ஐந்து அங்கங்கள் கொண்ட அவலநாடகம் ஒன்றையும் எழுதி, அதனை எடுத்துக்கொண்டு 1834ஆம் ஆண்டு பாரிசு நகர் சென்றார். ஏட்டைப் படித்த திறனாய்வாளர் ஒருவர், வயிற்றுக்கு வழி தேட வேண்டுமாயின் மருத்துவம் பயிலுமாறு அறிவுரை கூறினார். அன்று அவர் மனம் எவ்வளவு வாடியிருக்கும்! எனினும் பெர்னார் அச்சொல்லை ஏற்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். மாணவராய் இருந்தபொழுது அவரைப் பெரிதாக மதித்தவர் இலர். மஜாந்தி என்னும் ஆசிரியரே அவருடைய கைத்திறனைக் கண்டு, 1841ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கூடத்தில் துணைவராக அமர்த்திக்கொண்டார்.

உடல் வெப்பத்தைப் பற்றிய அவருடைய பெருஞ்சோதனை 1851ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நரம்புகளே உடலில் வெப்பத்தைத் தோற்றுவிக்கத் துணைபுரிகின்றன என அவர் கருதியிருந்தார். அஃது உண்மையாயின், நரம்பை அறுத்தவிடத்து அப்பகுதி குளிர்தல் வேண்டும். இதனைத் தெளிவதற்காக ஒரு முயலின் கழுத்தில், ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை அறுத்தார். அறுத்த பக்கத்துக் காது குளிரவில்லை! குருதி நிறைந்து சிவந்து, மற்றைக் காதினும் பல பாகை மிகுதியாகச் சுட்டது.

தாம் கொண்ட கொள்கை பொய்த்தபொழுது, கருவியின்மீது பழி போட்டு வாளாவிருப்போர் உலகில் பலர். பெர்னார் மீண்டும் மீண்டும் அச்சோதனையைச் செய்து, தம் எதிர்பார்ப்புக்கு மாறாக நிகழ்ந்ததையே உலகறியச் செய்தார். அறுபட்ட நரம்பின் முனையில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் காது வெளுத்துக் குளிரும் என்பதும் 1852ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இதனைப் பிரௌன் செக்கார் என்பார் பெர்னாருக்குச் சற்று முன்னரே கண்டு வெளியிட்டார். இதன் பொருளைத் தெளிவாக உணர்ந்து உரைத்தவரும் அவரே எனல் வேண்டும். பெர்னார் தம் பழைய எண்ணத்தை முற்றும் கைவிட நாள் பிடித்தது.

அந்நரம்பு, குருதிக் குழாய்களின் சுவரை இறுக்கிப் பிடிக்கும் கடிவாளம் போன்றது. குளிர் தாக்கும்பொழுது தோலின் குழாய்கள் சுருங்கும். சூடான குருதி மேற்புறம் வாராது உள்ளேயே தங்கும். வெயிற்காலத்தில் அவை விரியும். குருதி தோலருகே பாய்ந்து வெப்பத்தை வெளியே விடும். அதுவும் போதாதவழி வியர்வை அரும்பி, ஆவியாகி, உடலைக் குளிர்விக்கும்.

நுரையீரலே உடலின் அடுப்பு என்னும் கருத்து, பேரறிஞர் இலவாசியர் காலத்திலிருந்து வழங்கி வந்தது. பெர்னார் மெல்லிய வெப்பமானிகளை விலங்குகளின் இதயம் வரை செலுத்தி அளந்தார். நுரையீரலுக்குச் செல்லும் குருதியே சூடு மிக்கதாகவும், அங்கிருந்து திரும்பும் குருதி சற்றுக் குளிர்ந்ததாகவும் இருக்கக் கண்டார். எனவே வெப்பம் ஓரிடத்துப் பிறப்பதன்று. உடலெங்கும் பிறப்பது எனத் தெளிந்தார். நாம் வாழ்வது வெளியுலகில். நம் உடலின் நுண்ணறைகள் வாழ்வதோ குருதி முதலிய நீர்மங்களாகிய உள்ளுலகில். அவ்வுள்ளுலகு நிலைபெயராது நிற்றலாலேயே உயிர் வெளியுலகின் மாறுதலுக்கு அடிமையாகாது வாழ்கிறது என்பதே அவர் கண்ட பேருண்மை.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. அவர் அறுத்த விலங்குகள் பல. அவற்றுள் மயக்க மருந்தின்றித் துன்புற்றனவும் பல. 1845ஆம் ஆண்டில் அவரை மணந்த பேனி அம்மையார் கொணர்ந்த சீர்ப்பொருளே அவர் ஆய்வைத் தொடர உதவியது. ஆனால் அவ்வம்மையார் இக்கொடுமையைப் பொறாது, பின்னர் அவரை விட்டுப் பிரிந்தார். பெண்மக்கள் இருவரும் தாயுடன் சென்றனர். மாந்தர் நோய் தீர வேறு வழியில்லை எனப் பெர்னார் உறுதியாக நம்பினார். எனினும் அம்மையாரின் உள்ளத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

உடல் வெப்பத்தை ஆராய்ந்த அவருக்கு நெடுங்காலம் வாய்த்த ஆய்வுக்கூடமோ, இருளும் ஈரமும் நிறைந்த தாழ்ந்த அறை. 1860ஆம் ஆண்டளவில் கடுநோயுற்று, பிறந்த ஊர் சென்று தங்கினார். சோதனை மருத்துவத்திற்கு முன்னுரையாக அமைந்த பெருநூலை அக்காலத்தே எழுதி, 1865ஆம் ஆண்டில் வெளியிட்டார். விலங்குகளின் வெப்பம் பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் 1876ஆம் ஆண்டில் நூலாயின.

1878ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் பெர்னார் பாரிசில் உயிர் நீத்தார். மனைவியும் மக்களும் பிரிந்த பின்னர் அவருடைய இறுதி நோயில் அருகிருந்து பேணியவர், அவர் மாணவராகிய தார்சொன்வால். பிரெஞ்சு அரசு தன் செலவிலேயே இறுதிக் கடன்களை ஆற்றியது. அறிவியலார் ஒருவருக்கு அந்நாட்டில் அச்சிறப்புச் செய்யப்பெற்றது அதுவே முதன்முறை.