ஒளியைத் தீட்டிய மோனே

வைக்கோலின் நிறம் யாது என வினவினால் மஞ்சள் என்போம். நிழலின் நிறம் யாது எனில் கறுப்பு என்போம். இவ்விரு விடைகளையும் ஏற்க மறுத்த ஓவியர் ஒருவரின் வரலாற்றை இங்குக் கூற விழைகிறோம்.

குளோது மோனே 1840-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். லே ஆவர் என்னும் துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே ஊராரை வேடிக்கைச் சித்திரங்களாக வரைந்து விற்றுக் காசு சேர்த்தார். யூஜின் பூடேன் என்னும் ஓவியரே அவரை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, வானையும் கடலையும் நேரில் கண்டு தீட்டக் கற்பித்தவர்.

அத்துறைமுகத்தின் சூரியோதயத்தை 1872-இல் மோனே தீட்டினார். 1874-இல் அது கண்காட்சிக்கு வந்தபோது, முற்றுப்பெறாத கிறுக்கல் என எள்ளி நகையாடினர். அந்த ஏளனத்திலிருந்தே மனப்பதிவு ஓவியர் என்னும் பெயர் பிறந்தது. வறுமை வாட்டியது. 1879-இல் மனைவி கமீல் 32 வயதில் மறைந்தார். அவரது இறுதி முகத்தையும் மோனே வரைந்தார். அவ்வேளையிலும் தம் கண்கள் அம்முகத்தில் மாறிவரும் நிறங்களையே ஆராய்ந்ததை நினைந்து பின்னாளில் அவர் மனம் நொந்தார்.

1883-இல் ஜிவெர்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கு 1890, 1891-ஆம் ஆண்டுகளில் வைக்கோற்போர்களை மட்டுமே ஏறத்தாழ 25 ஓவியங்களாகத் தீட்டினார். ஒரே பொருளை ஏன் இத்தனை முறை வரைய வேண்டும்? நம் கண்ணுக்குள் புகுவது ஒளி ஒன்றே. அது மஞ்சள் வைக்கோல் என்பது, முன்பே அறிந்ததை வைத்து நம் மூளை சேர்த்துக்கொள்ளும் செய்தி. அச்செய்தியை ஒதுக்கிவிட்டு, கண் கண்டதை மட்டும் வரைய விரும்பினார் மோனே. வெயில் நகர்ந்ததும் ஒரு துணியை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். பனி படர்ந்த காலையில் வைக்கோல் நீலமாயிற்று, அந்தியில் செந்தழலாயிற்று.

கண்ணையே நம்பி வாழ்ந்த அவருக்கு 1912-இல் கண்புரை கண்டிருப்பது தெரியவந்தது. புரை முற்றினால் கண்ணின் வில்லை மஞ்சளாகிப் பழுப்பேறும். நீலவொளி உள்ளே செல்லாது. மோனே வண்ணக் குழாய்களின் மேலிருந்த பெயர்களைப் படித்தே வண்ணம் எடுத்தார். தம் தோட்டத்துப் பாலத்தைச் செம்மையும் பழுப்பும் கொழுந்துவிட்டெரியத் தீட்டினார். அது நோயின் விளைவா, புதுமை நாட்டமா என இன்றும் வாதிடுவர். இரண்டும் கலந்ததே என்பது எமது கருத்து.

அறுவைச் சிகிச்சைக்கு அவர் பல்லாண்டு அஞ்சினார். நண்பரும் மருத்துவரும் முன்னாள் பிரதமருமான கிளெமான்சோ விடாது வற்புறுத்தவே, 1923-இல் வலக்கண்ணுக்கு மட்டும் இசைந்தார். இன்று நம் பாட்டியர் செய்துகொள்ளும் எளிய சிகிச்சையன்று அது. கட்டிய கண்ணுடன் நாட்கணக்கில் அசையாது படுத்திருக்க வேண்டும். கட்டவிழ்த்த பின்னரோ யாவும் அளவுக்கு மீறி நீலமாகத் தோன்றின! நிறக் கண்ணாடி அணிந்து பார்வையைச் சீராக்கிக்கொண்டார். பழைய ஓவியங்கள் சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை அழித்தார்.

1918-இல் போர் ஓய்ந்தபோது நாட்டுக்கு வழங்குவதாக வாக்களித்த அல்லிக்குள ஓவியங்களை இறுதிவரை தீட்டிக்கொண்டேயிருந்தார். 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், 86-ஆம் வயதில் இயற்கை எய்தினார். மறு ஆண்டு அவை பாரிசின் ஓரான்சரி அரங்கில், நீள்வட்டமான இரு கூடங்களில் திறந்துவைக்கப்பட்டன. அங்குக் கூரை வழியே பகலொளி இறங்குகிறது. காலையில் காணும் அல்லியின் நிறம் மாலையில் இருப்பதில்லை.