தேவாலயத்துள் புகுந்த தமிழிசை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தமிழ்நாட்டுப் புரட்டஸ்தாந்து ஆலயம் ஒன்றினுள் ஞாயிற்றுக்கிழமை காலை நுழைந்தவன் செவியில் விழுந்த இசை விநோதமானது. சொற்கள் தமிழ்ச் சொற்கள். மெட்டோ ஜேர்மன் மெட்டு. 1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவரைத் தொடர்ந்து வந்தோரும், லுத்தர் காலந்தொட்டுத் தம் நாட்டில் வழங்கிய ஞானப்பாட்டுக்களைத் தமிழிற் பெயர்த்து, அவற்றின் பழைய மெட்டுக்களிலேயே பாடச் செய்தனர். அவர்தம் பக்தியில் குறைகாண யாராலும் இயலாது. ஆனால் மொழிக்கு மொழி ஒலியியல்பு வேறுபடும் அன்றோ? தமிழிலே குற்றெழுத்தும் நெட்டெழுத்தும் சொல்லின் உயிர்நிலை. மெட்டுக்காகக் குறிலை நீட்டினால் கல் காலாகும், படம் பாடமாகும். எதுகையும் மோனையும் இன்றி அசைக்கொரு சுரமாக நகர்ந்த அப்பாட்டுக்களைத் தமிழர் பயபக்தியுடன் மனனஞ் செய்தனர். வீட்டிலும் வயலிலும் அவர் வாய் தானாக முணுமுணுத்தது வேறிசையாகவே இருந்திருக்கும்.

இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இவரை மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையுடன் மாணவர் பலர் மயங்கக் கொள்வர். இருவரும் கிறித்தவர், இருவரும் கீர்த்தனம் செய்தவர், ஆதலின் மயக்கம் எழுவது இயல்பே. எனினும் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய பிள்ளை 1826 இல் பிறந்த கத்தோலிக்கர். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர்.

1774 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலே வேளாளர் குடியொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை முதலிற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பூண்டவர். பின்னர்ப் புரட்டஸ்தாந்து சபையிற் சேர்ந்தவர். 1785 இல் திருநெல்வேலிக்கு வந்த சுவார்ச்சு ஐயர் சிறுவனின் கூர்மையைக் கண்டு அவனைத் தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அதுவே அவர் வாழ்வின் திருப்பம்.

சுவார்ச்சு ஐயர் சாதாரண மிஷனரி அல்லர். 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798 இல் தஞ்சையிலேயே உயிர் நீத்தவர். அரசர்க்கும் கும்பினியார்க்கும் இடையே தூது நடந்தவர். துளசா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை இவர் பாதுகாப்பிலேயே விட்டார். ஆக, பிற்காலத்துத் தஞ்சை மன்னரும் பிற்காலத்துச் சுவிசேடக் கவிராயரும் ஒரே ஆசானின் மாணாக்கராயினர். இத்தொடர்பு வேதநாயகரின் வாழ்விலே இருமுறை கைகொடுத்தது.

தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட வேதநாயகர் அங்கே வேதசாஸ்திரத்தோடு கணிதமும் வானநூலும் உடற்கூற்று நூலும் பயின்றார். திரும்பிவந்து இருபது வயதளவில் தஞ்சைப் பாடசாலையில் ஆசிரியரானார். பகலில் பாடம் சொல்வதும் இரவில் பாட்டுக் கட்டுவதுமாக நாட்கள் சென்றன என்று ஊகிக்கலாம். அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை என்பர்.

அக்காலத் தஞ்சாவூரின் காற்றே இசைமயமானது. சியாமா சாஸ்திரிகள் அந்நகரிலேயே வாழ்ந்தார். தியாகராஜர் சிறிது தொலைவிலே திருவையாற்றில் இருந்தார். 1798 இல் அரியணை ஏறிய சரபோஜி மறு ஆண்டே ஆட்சியுரிமையைக் கும்பினியாரிடம் இழந்தார். ஆயின் அதனால் அரண்மனையில் இசையும் நூலும் குறையவில்லை. ஆளும் வேலை போன மன்னருக்குக் கலையே வேலையாயிற்று எனலாம். இச்சூழலில் வளர்ந்த கிறித்தவக் கவிஞன் ஆலயத்துள் மட்டும் வேற்றிசையிற் பாடவேண்டியிருந்தது என்றால், அவன் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்?

1800 ஆம் ஆண்டளவில் எழுந்த பெத்லகேம் குறவஞ்சியே அதற்கு விடை. குறவஞ்சி நாடகம் நாம் அறிந்ததே. தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு காதல் கொண்டு வாடுகிறாள். மலைக்குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். பறவை பிடிக்கும் காட்சி நடைபெறுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இவ்வகையின் சிகரம். சாஸ்திரியார் இக்கட்டுக்கோப்பை ஓர் உறுப்பும் சிதையாமல் எடுத்துக்கொண்டார். தலைவன் பெத்லகேம் நாதரான இயேசு, தலைவி தேவமோகினி, அதாவது சீயோன் மகளாகிய திருச்சபை, குறத்தியோ விசுவாசம். பறவைக்குக் கண்ணி வைப்போர் ஆன்மாக்களைச் சபைக்குள் சேர்க்கும் ஊழியராகின்றனர். இவ்வுருவகம் வெறும் ஒட்டுவேலை அன்று. ஆன்மாவைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் பாடும் மரபு தமிழுக்குப் புதிதல்லவே. சாலமோனின் உன்னதப்பாட்டும் அவ்வாறே திருச்சபையிற் பொருள் கொள்ளப்பட்டது. இரு மரபும் சந்திக்கும் இடத்தை அவர் கண்டுகொண்டார்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. குறவஞ்சியில் மலைவளமும் நாட்டுவளமும் கூறும் இடத்தில் இவர் பூகோளத்தையும் வானநூலையும் நுழைத்து விடுகிறார். கண்டங்களின் பெயர்களும், சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் முறையும் தாளத்தோடு வருகின்றன. தரங்கம்பாடியிற் படித்த வாத்தியார் இங்கே கவிராயரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்! சில இடங்களிலே பாட்டு பாடமாகி விடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் புதிய வானநூலைத் தமிழிசையில் இத்துணை முற்பட வைத்துப் பாடியவர் வேறு யார்?

அவரது பிற ஆக்கங்களுள் செபமாலை, பேரின்பக் காதல், ஞானத்தச்ச நாடகம், மூடநம்பிக்கைகளைச் சாடும் சாஸ்திரக் கும்மி ஆகியவை பேர்பெற்றவை. ஆனால் மக்கள் நாவில் நின்றவை தனிக் கீர்த்தனைகளே. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் ஒரு வசதி உண்டு. முன்பாடுபவர் சரணத்தைப் பாடிச் செல்ல, எழுத்தறியாதவரும் பல்லவியை மீண்டும் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். கையிற் புத்தகம் வேண்டுவதில்லை. அவர் தாமே குழுவுடன் ஊரூராகச் சென்று வேதாகமக் கதைகளைப் பாட்டும் வசனமுமாகக் காலட்சேபம் செய்தார். சுவிசேடக் கவிராயர் என்னும் பட்டம் அவருக்கு வழங்கியது. அவர் வழித்தோன்றல்களும் அதனைத் தாங்கிக் காலட்சேப மரபைத் தொடர்ந்தனர்.

அரசரின் ஆதரவு இருந்தது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. சரபோஜி மன்னர் சைவக் கடவுள்மீது பாட வேண்டினார் என்றும், கவிராயர் வீடு சென்று இயேசுவையே பாடுமாறு தம் மனத்துக்கு அறிவுறுத்தும் கீர்த்தனை ஒன்றைச் செய்தார் என்றும் ஒரு கதை வழிவழியாகக் கூறப்படுகிறது. உண்மை எவ்வாறாயினும், மறுத்த கவிஞரை மன்னர் கைவிடவில்லை என்பது வரலாறு. அதே அரசவையிலேதான் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார்; அது தஞ்சைப் பெரிய கோவிலில் ஆடப்பட்டது.

இனி வருவது அவர் வாழ்வின் கசப்பான பகுதி. சுவார்ச்சு ஐயர் காலத்து மிஷனரிமார் மறைந்து, 1820 களில் புதியவர் பொறுப்பேற்றனர். அவர்கள் பலவற்றைத் திருத்தப் புகுந்தனர். பப்ரிசியுஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பைப் புதுக்கும் முயற்சி நடந்தது. ரேனியுஸ் ஐயர் அதில் முன்னின்றார். ஆலயத்திலே தமிழ்க் கீர்த்தனைகள் விலக்கப்பட்டன. அவை கோவிலையும் நாட்டியத்தையும் நினைவூட்டும் என்பது காரணம். சுபகாரியங்களில் பூமாலைகள் தடுக்கப்பட்டன. ஆலயத்துள் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் வழக்கமும் நற்கருணையிலே சாதி முறைப்படி பாத்திரம் பெறும் வழக்கமும் ஒழிய வேண்டும் எனவும் வற்புறுத்தப்பட்டது. இந்நான்கையும் கொடுமைகளென ஒரே பட்டியலிலே சேர்த்து வேதநாயகர் எதிர்த்தார். எழுதினார், முறையிட்டார், வாதாடினார். 1829 இல் மிஷன் ஊழியத்தை இழந்தார். அப்போது கைகொடுத்தவர் பழைய பள்ளித்தோழராகிய மன்னரே. அரண்மனைக் கவியாக அவரை வைத்துச் சம்பளம் அளித்தார். 1832 இல் மன்னரும் மறைய, அந்த ஆதரவும் நின்றது. மறு ஆண்டு கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், திருச்சபையிற் சாதி வேற்றுமை அறவே ஒழிக என்று கட்டளை விடுத்தார். தஞ்சைச் சபை பிளந்தது. வேளாளக் கிறித்தவர் பலர் லுத்தரன் மிஷனை நாடினர்.

சாஸ்திரியாரைப் போற்றி எழுதுவோர் பலர் இந்த இடத்தை விரைந்து கடந்து விடுவர். நாம் அவ்வாறு செய்தல் தகாது. பாட்டுக்காகவும் பூவுக்காகவும் அவர் வாதாடியது நியாயம். சாதிக்காக வாதாடியது நியாயமன்று. அவருக்கோ அவையெல்லாம் முன்னோர் வழக்கம் என்ற ஒரே முடிச்சு. எதிர்த்தரப்பினரும் அவ்வாறே முடிச்சிட்டனர். இராகத்தையும் சாதியையும் ஒருசேரப் புறச்சமயக் குப்பை என்று வாரி எறியப் பார்த்தனர். எதனை விடவேண்டும், எதனைக் காக்கவேண்டும் என்று பிரித்தறிய இருசாராருக்கும் இயலவில்லை. எல்லார்க்கும் பொதுவாகச் சிந்தப்பட்ட இரத்தத்தை உருகி உருகிப் பாடிய கவிஞர், அதன் நினைவாகிய பாத்திரத்தில் எல்லாரும் ஒருங்கே பருகுவதை ஏற்க மறுத்தார். எவருடன் அமர அவர் இசையவில்லையோ அம்மக்களின் சந்ததியாரே பின்னாளில் ஊர்தோறும் அவர் கீர்த்தனைகளைப் பாடினர்.

அக்கீர்த்தனைகள் அவ்வாறு பரவிய வரலாற்றில் நம் நாட்டுக்கும் சிறு பங்குண்டு. சுவார்ச்சு ஐயரின் மற்றொரு மாணாக்கரான கிறித்தியான் தாவீது 1801 முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார், 1834 இல் இங்கிருந்தே மதுரையில் ஒரு கிளையை நாட்டினர். அந்த மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர்தாம், வயோதிகரான சாஸ்திரியாரின் பாடல்களைப் பெற்று, 1853 இல் சபை வழிபாட்டுக்கென ஒரு கீர்த்தனைத் தொகுதியை அச்சிட்டார். ஒரு மிஷனார் தள்ளிய பாட்டை மற்றொரு மிஷனார் எடுத்து வைத்தனர்! வெப் ஐயர் லுத்தரன் அல்லர், ஆங்கிலிக்கனும் அல்லர். சபை அரசியலில் அவருக்குப் பழைய பகை ஏதுமில்லை. பாட்டைப் பாட்டாகக் கேட்க அவரால் முடிந்தது. அதன்பின் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, லுத்தரன் சபைகள் ஒவ்வொன்றாகக் கீர்த்தனைக்குக் கதவு திறந்தன. உபதேசத்தில் உடன்படாத சபைகள் பாட்டில் உடன்பட்டன. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி யாழ்ப்பாண ஆதீனமும் அதிற் சேர்ந்தபோது, ஒன்றுகூடிய சபைகள் முன்னரே பகிர்ந்துகொண்ட செல்வங்களுள் கீர்த்தனையும் ஒன்றாக இருந்தது.

தம் பாடல்கள் ஆலயத்துள் திரும்பத் தொடங்கியதைக் கண்ணாரக் கண்ட பின்னரே சாஸ்திரியார் 1864 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் நாள், எண்பத்தொன்பது வயதில், தஞ்சையிற் காலமானார். ஜேர்மன் மெட்டும் மறைந்துவிடவில்லை. தமிழ்ச் சபைகளின் பாட்டுப் புத்தகத்திலே பாமாலைகள் ஒரு பகுதியாகவும் கீர்த்தனைகள் மறு பகுதியாகவும் இருக்கின்றன. ஒரே ஆராதனையில் இரண்டிலிருந்தும் பாடுகின்றனர்.