வானூர்தி வலவர் டாட்டா

கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டோடுங்கால் ஓடக்காரன் எதிர்த்துறையை நேரே நோக்கி ஓடத்தைச் செலுத்துவதில்லை. நீரின் இழுப்பை எண்ணி, முகப்பைச் சற்று மேற்கே திருப்பிச் செலுத்துவான். அவனுக்கு நீரோட்டம் கண்முன்னே தெரிகின்றது. காற்றைக் கண்ணாற் காண்பதெங்ஙனம்? வானூர்தி வலவர்க்கு உற்ற இடர் இதுவே. நம் நாட்டில் அவ்விடரை எதிர்கொண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஜே. ஆர். டி. டாட்டா.

இவர் 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். பிரெஞ்சுக் கடற்கரையில் இளமையில் விடுமுறை கழித்த இடத்தில், ஆங்கிலக் கால்வாயை வானூர்தியிற் கடந்த பிளேரியோ அண்டை வீட்டினராய் இருந்தார். அவரைக் கண்ட சிறுவனுள்ளத்தில் பறக்கும் வேட்கை வேரூன்றியது. 1929-இல், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் வலவர் உரிமச் சீட்டை டாட்டா பெற்றார்.

1932 அக்டோபர் 15-ஆம் நாள் காலை, 'புஸ் மாத்' என்னும் சிற்றூர்தியில் அஞ்சல் மூட்டையுடன் கராச்சியினின்று தனியராய்ப் புறப்பட்டார். வழிகாட்ட வானொலி இல்லை. எதிரே இருந்தவை திசைகாட்டி, உயரமானி, விரைவுமானி முதலிய சில வட்ட முகப்புக்களே. விரைவுமானியும் முழு உண்மை கூறாது. காற்றினூடே செல்லும் விரைவை மட்டுமே அது காட்டும். முள் மணிக்கு 100 மைலில் நிற்க, எதிர்க்காற்று 20 மைல் விரைவில் வீசுமாயின், நிலத்தின்மேற் கடப்பது 80 மைலே. முள்ளை மட்டும் நம்பியவன், ஊர் எட்டுமுன் பெட்ரோல் தீர்ந்து வெட்டவெளியில் இறங்க நேரும். ஆதலின் கீழே தெரியும் ஆற்றையோ இருப்புப் பாதையையோ கடந்த நேரத்தைக் கடிகாரத்தில் நோக்கி, அடுத்த குறியிடத்தை அடைந்த நேரத்தோடு ஒப்பிட்டு, உண்மை விரைவைக் கணித்தல் வேண்டும். இதற்கென டாட்டா நழுவுகோல் என்னும் கணக்குக் கருவியை உடன் கொண்டிருந்தார். காற்று பக்கவாட்டில் தள்ளினால், நம் ஓடக்காரனைப் போலவே ஊர்தியின் முகத்தைக் காற்றின்பால் சிறிது திருப்பவும் வேண்டும். இத்தனையும் ஊர்தியை ஒரு கையாற் செலுத்திக்கொண்டே! புறநானூற்றுப் புலவர் எண்ணிய வானவூர்தி வலவனின்றியே இயங்கியது. இவ்வூர்திக்கோ எல்லாம் வலவரே.

இடையே ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது; நெல் மூட்டை சுமக்கும் வண்டி வானூர்திக்கும் துணையாயிற்று. பிற்பகல் பம்பாயை அடைந்தார். ஆங்கிருந்து அஞ்சலை அவர்தம் தோழர் நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு சென்றார். 1938-இல் அவ்வான்வழி, காவிரிக்கரைத் திருச்சிராப்பள்ளி வாயிலாகக் கொழும்பு வரை நீண்டது.

1982-இல், தம் 78-ஆம் வயதில், கராச்சியினின்று பம்பாய்க்கு அதே வழியில் டாட்டா மீண்டும் சிற்றூர்தி செலுத்தி வந்தார். 1993 நவம்பர் 29-ஆம் நாள் ஜெனீவாவில் மறைந்தார்.