முடிசூடக் கூடாத பேரு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிச்சு, பொன்னேரி, மீஞ்சூர் வழியா சென்னைக்குத் திரும்புறவங்களுக்கு மணலி புதுநகர் நல்லாவே தெரிஞ்சிருக்கும். கன்டெய்னர் லாரிகள் உறுமுற அந்த ஊரில் அய்யா வைகுண்ட தர்மபதி இருக்கு. உள்ளே போற ஆண்கள் தலைப்பாகை கட்டியிருப்பாங்க. சாமி முன்னாடி துண்டை இடுப்புக்கு இறக்கித்தானே நமக்குப் பழக்கம், இங்கே மட்டும் ஏன் அது தலைக்கு ஏறுது? அந்தத் துண்டுக்குப் பின்னால ஒரு ராஜாவோட நடந்த மோதல் இருக்குங்க.

1809-ல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில் பொன்னு நாடார், வெயிலாள் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். ஆசையா முடிசூடும் பெருமாள்னு பேர் வெச்சாங்க. பனையேறும் குடும்பத்துப் பிள்ளைக்கு மகுடம் சூடுற பேரான்னு மேல்சாதிக்காரர்கள் கொதிக்க, பேரு முத்துக்குட்டி ஆச்சு.

அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தலைவரி உண்டு. கூலியில்லா வேலைக்கு ஊழியம்னு பேரு. செருப்பு, குடை, தலைப்பாகை எதுவும் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, தண்ணிக் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. அரியணையில் இருந்தவர் சுவாதித் திருநாள். ஆமா, கச்சேரிகளில் நாம உருகிக் கேட்கிற கீர்த்தனைகளை எழுதிய அதே மகாராஜாதான்!

1833-ல் நோயாளியாகத் திருச்செந்தூர் கடலுக்குள் போன முத்துக்குட்டி, மூணாம் நாள் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் அரண்மனையை உறுத்துச்சு. வந்தவங்க எல்லாரையும் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லா சாதிக்கும் பொதுவா முத்திரிக்கிணறு வெட்டவெச்சார். ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடச் செஞ்சார். ராஜாவைக் கலிநீசன், வெள்ளைக்காரரை வெண்ணீசன்னு ரெண்டு பேரையும் ஒரே தட்டில் வெச்சார்.

விளைவு, கைது. திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை. பசித்த புலியை ஏவியும் அது அவரைத் தொடலைன்னு பக்தர்கள் சொல்வாங்க. புலியை விடுங்க, 1839-ல் அவரை விடுதலை செய்ய வேண்டிவந்தது நிஜம்.

1789-ல் பாரிஸ் ஜனங்க பாஸ்டில் கோட்டையைத் தகர்த்த மாதிரி இங்கே எதுவும் நடக்கல. 1851-ல் வைகுண்டர் மறைஞ்சப்போ மன்னராட்சி அப்படியேதான் இருந்துச்சு. ஆனா, அதுக்குப் பயந்து தலையைத் திறந்து போட்டுக்கிட்டு நின்ன ஜனங்க பழைய ஜனங்க இல்லை. என்னைக் கேட்டா, கவிழ்ப்பு அங்கேயே ஆரம்பிச்சிடுச்சு. 1859-ல் நாடார் பெண்கள் தோள்சீலை உரிமையை வாங்கினாங்க. மிஷனரிகளுக்கும் அதில் பங்குண்டு. அப்போகூட, மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு அரண்மனை ஒரு கொக்கி போட்டுச்சு. 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைஞ்சு, மன்னராட்சி முடிஞ்சது. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது.

மணலி புதுநகர் பதியில் புரட்டாசித் திருவிழா விசேஷம். போனீங்கன்னா, தலையில் கட்ட ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க.